நாலும் தண்ணியில்

குமுளி செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பியூட்டி பார்லர். பலகையில் மலையாளம் பாதி, தமிழ் பாதி. அங்கே வேலை செய்கிறவள் செல்வி. புருவம் திருத்த நான் காத்திருந்தபோது மணி மூன்று. அப்போது உள்ளே வந்த பேச்சியம்மாவுக்குக் கம்பம். சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர். மறுநாள் மகனுக்கு நிச்சயதார்த்தம். பார்லர் செலவுக்கு வருங்கால மருமகள் பணம் அனுப்பியிருந்தாளாம். அதில் கொஞ்சமாவது மிச்சம் பிடிக்காமல் போவதில்லை என்ற முடிவு அவர் முகத்திலேயே தெரிந்தது.

பேச்சியம்மா: தாயி, நாலரைக்கு எங்க தோட்டத்து ஜீப்பு இந்த வழியா வரும். அதுக்குள்ளே கையும் காலும் முடியுமா?

செல்வி: முடியும் பெரியம்மா. தனித்தனியாகச் செய்தால் ரெண்டு மணி நேரம் ஆகும். சேர்த்துச் செய்தால் ஒண்ணேகால் மணி நேரம்தான். சுகர் இருக்கா?

பேச்சியம்மா: அரைச் சர்க்கரை போடு. இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நல்லது.

செல்வி: டீ இல்லை பெரியம்மா. சர்க்கரை வியாதி இருக்கான்னு கேட்டேன். இருந்தால் காலை ஊற வைக்க மாட்டேன், கல்லால் உரசவும் மாட்டேன். சிலருக்குச் சுட்டாலும் தெரியாது, கீறினால் லேசில் ஆறாது.

பேச்சியம்மா: அந்த வியாதி எல்லாம் இல்லை. அப்போ டீயும் இல்லையா?

(செல்வி டப்பில் வெந்நீர் ஊற்றி, முழங்கையை வைத்துச் சூடு பார்த்து, உப்பும் ஷாம்பும் போட்டாள்.)

பேச்சியம்மா: என்ன, கணுக்காலோடு நிறுத்திவிட்டாய்? இன்னும் ஊற்று.

செல்வி: போதும் பெரியம்மா. இதுக்கு மேலே போனால் வழியும்.

பேச்சியம்மா: கேரளாக்காரங்க நீங்க, 152 அடிக்குக் கட்டின முல்லைப் பெரியாற்று அணையில் 142க்கு மேலே தேக்கக் கூடாதுங்கறீங்க. இந்த வாளியிலுமா?

செல்வி: ஐயோ, நான் கூடலூர்க்காரி! எங்க அப்பா வயலுக்கும் அந்தத் தண்ணிதான் வரணும்.

பேச்சியம்மா: நம்ம பக்கத்துப் பிள்ளையா? அப்போ தைரியமா ரெண்டு சொம்பு ஊற்று.

(இந்த எல்லையில் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் முல்லைப் பெரியாற்றில்தான் போய் விழும்.)

செல்வி: சரி, கால் பத்து நிமிஷம் ஊறட்டும். வலது கையைக் கொடுங்க.

பேச்சியம்மா: காலைத் தண்ணியில் போட்டுவிட்டுக் கையைக் கேட்கிறாயே?

செல்வி: உலை வைத்துவிட்டு அது கொதிக்கிற வரைக்கும் சும்மாவா நிற்பீங்க? காய் நறுக்குவீங்க இல்லையா, அது மாதிரிதான். கால் ஊறும்போது இந்தக் கைக்கு நகம் ராவுவேன். இது கிண்ணத்தில் ஊறும்போது அந்தக் கை. அது ஊறும்போது காலைத் தூக்கிக் குதிகால் தேய்ப்பேன். எதுவும் காத்திருக்கக் கூடாது, நானும் காத்திருக்கக் கூடாது.

பேச்சியம்மா: நல்ல கணக்குதான். ஃபைலை ஏன் ஒரே பக்கமா இழுக்கிறாய்?

செல்வி: ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் நகம் ஏடு ஏடா உரியும். அப்புறம் கால் நகத்தை நேராத்தான் வெட்டுவேன். ஓரத்தை வளைத்தால் சதைக்குள்ளே வளர்ந்து குத்தும். பெரியம்மா, விரலில் இது என்ன, மையா?

பேச்சியம்மா: ஏலக்காய்க் கறை. இந்தக் கறைதான் எனக்குச் சம்பளச் சீட்டு.

செல்வி: எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்க்கிறேன். முழுக்கப் போகாது. மெரூன் போட்டால் கண்ணுக்குத் தெரியாது.

பேச்சியம்மா: இரு. கைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு?

செல்வி: கைக்கு நானூறு, காலுக்கு அறுநூறு. சேர்த்துச் செய்கிறதால் தொள்ளாயிரம்.

பேச்சியம்மா: ரெண்டு மணி நேர வேலையை ஒண்ணேகாலில் முடிக்கிறாய். மிச்சம் முக்கால் மணி நேரம் உனக்கு, நூறு ரூபாய்தான் எனக்கா? காய் எடுக்கும்போதே நான் களையும் பிடுங்கினால் கங்காணி ரெண்டு கூலியா கொடுக்கிறார்?

செல்வி: கங்காணி உங்க குதிகாலைத் தேய்த்து விடுகிறாரா பெரியம்மா?

(பேச்சியம்மாவுக்கு வாயடைத்தது. எனக்குத் தெரிந்து அந்த மதியத்தில் ஒரே ஒரு தடவை. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. இடது கை கிண்ணத்தில், வலது கையில் ஸ்க்ரப், ரெண்டு காலும் டப்பில்.)

பேச்சியம்மா: எங்க வீட்டுக்காரர்தான். காதில் வை, தாயி... என்னங்க? பேச முடியாது, நாலும் தண்ணியில் இருக்கு! இல்லைங்க, ஆற்றில் விழலை! பார்லரில்! ...வைத்துவிட்டார். என்னைத் தேட, அணைத் தண்ணி வந்து இறங்குகிற லோயர் கேம்ப்புக்கு ஆள் அனுப்புகிறேன்கிறார்.

செல்வி: சரி, காலைத் துடைத்தாச்சு. பணம் எடுத்துக் கொடுங்க. செருப்பையும் இப்போதே மாட்டுங்க.

பேச்சியம்மா: வேலை முடியலை, அதுக்குள்ளே பணமா? நான் ஓடிப்போயிடுவேனா?

செல்வி: ஓட முடியாமல்தான் போயிடும். பாலிஷ் போட்டபிறகு சுருக்குப்பைக்குள்ளே கையை விட்டால் பத்து விரலும் பாழ். திரும்பப் போட எனக்கு அரை மணி நேரம் போகும்.

(எண்ணூற்றைம்பதில் முடிந்தது. கிரீம் பசை இருந்தால் பாலிஷ் நிற்காது என்று ஒவ்வொரு நகத்தையும் ரிமூவர் பஞ்சால் துடைத்தாள். முதலில் கால், அப்புறம் கை. பேஸ் கோட், நிறம் ரெண்டு தடவை, மேலே டாப் கோட். எல்லாம் மெல்லிசாக.)

செல்வி: கால் மணி நேரம் எதையும் தொடாதீங்க. தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இறுக ரெண்டு மணி நேரமாவது ஆகும்.

வெளியே ஹாரன். தினமும் பிந்தி வருகிற ஜீப்பு அன்றைக்குப் பத்து நிமிஷம் முந்தி வந்துவிட்டது. பேச்சியம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி குதிகாலால் நடந்து போனார். சாமி வந்துவிட்டதா என்று ஜீப்புக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.

பேச்சியம்மா: கம்பியைப் பிடிக்க முடியாதுடி! காய் மூட்டையை ஏற்றுகிற மாதிரி என்னைத் தூக்கிப் போடுங்க! கையைத் தொட்டால் கொன்றுவிடுவேன்!

நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். வண்டி உறுமியது.

பேச்சியம்மா: தாயி! அந்த எலுமிச்சம்பழத்தில் பாதி மிச்சம் இருந்ததே, அதுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தேன்?

செல்வி: ஓடி வருகிறேன், இருங்க. கையிலே வாங்கக் கூடாது பெரியம்மா!

பேச்சியம்மா: மடியிலே போடு.