வண்டி நல்ல வண்டிதான், சாமான்தான் இல்லை

"நம் ஜனங்களுக்குத் தரம் எங்கே தெரிகிறது? மைலேஜ் ஒன்றுதான் தெரியும். அதனால்தான் நல்ல நல்ல வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் எல்லாம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன."

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் கன்னங்குறிச்சியில் உறவினர் வீட்டில் இதைச் சொன்னவர் நன்றாகப் படித்தவர், நான்கு நாடு பார்த்தவர். விருந்துக்குப் போன இடத்தில் வாக்குவாதம் எதற்கு என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் கார் இருந்தது. பெயர் வேண்டாம். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகம். கதவைச் சாத்தினால் பீரோ கதவைச் சாத்துவது போலக் கனமாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் என் கணவர் முன்பணம் கட்டினார். மூன்றாம் வருடம் மே மாதம், கோடை விழா நெரிசலில், அம்மாவை அழைத்துக்கொண்டு ஏற்காடு ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். முன்னால் ஒரு பஸ் நின்று நின்று போனது. கிளட்ச் கருகும் வாடை வந்தது. அடுத்த வளைவில் என்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அம்மாவைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்தோம். சோற்றுப் பையை முந்தானையால் மூடிக்கொண்டு, குரங்குகளையும் எங்களையும் அவர் மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கிளட்ச் பிளேட் தேய்ந்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. மலையில் அரை கிளட்ச்சில் ஏறினால் எந்தக் காரிலும் தேயும். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. சேலத்தில் இருந்த அவர்களுடைய சர்வீஸ் சென்டர் முந்தைய ஆண்டே மூடப்பட்டிருந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் நான்கு ரோடு பக்கம் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தோம். அங்கிருந்த தம்பி கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி எழுந்தார். "அக்கா, வண்டி நல்ல வண்டிதான். சாமான்தான் இல்லை."

சாமான் வந்து சேர 23 நாள் ஆனது. அதே பட்டறைக்குக் காலையில் கிளட்ச் போய் வந்த மாருதிகள் மாலையில் வீடு திரும்பின. அவற்றுக்குச் சாமான் வாங்க ஒரு பையன் மொபெட்டில் போய் அரை மணி நேரத்தில் வந்துவிடுவான்.

எங்கள் பக்கத்து மக்கள் எந்த வண்டியையும் லாரிக்காரர் கண்ணோடு பார்ப்பவர்கள். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி வைத்துப் பிழைத்தவர்கள் எங்கள் உறவிலேயே உண்டு. என் பெரியப்பா வண்டி வாங்கப் போனால் முதலில் விலையைக் கேட்கமாட்டார். "நாக்பூர் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோனால் சாமான் கிடைக்குமா? பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் அங்கே இருப்பானா?" என்றுதான் கேட்பார். வண்டி நின்றால் லோடு நிற்கும், வருமானம் நிற்கும், தவணை மட்டும் நிற்காது. அந்தப் பாடம் படித்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் இன்று கார் வாங்குகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியைக் கஞ்சத்தனம் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தரம் தெரியாதவர்களா நாம்? ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின்தான் மாருதி ஸ்விஃப்டிலும் டிசையரிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஓடியது. ஏற்காடு ஏறும் டாக்ஸிகளில் நான் கேட்டுப் பழகிய அந்தக் கடகடப்பு இத்தாலிக்காரர்களுடையது. மக்கள் அந்த என்ஜினை லட்சக்கணக்கில் வாங்கினார்கள். அதே என்ஜினோடு ஃபியட் தன் பெயரில் விற்ற புன்டோவும் லீனியாவும் எடுபடவில்லை. பல ஆண்டுகள் அந்தக் கார்கள் டாடாவின் ஷோரூம்களில் டாடா வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்றன. தனிக்கடை போட முடிவெடுத்தது 2012இல்தான். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் கடை விரித்தவரை நம்பிப் பத்து வருடத்துக்கு எப்படிக் காரை வாங்குவது?

ஃபோர்டு விஷயத்தில் எனக்கு வருத்தமே அதிகம். 1995இல் மஹிந்திராவோடு சேர்ந்து வந்தார்கள். மறைமலை நகரில் ஆலை போட்டார்கள். ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் எதுவும் மோசமான வண்டி இல்லை, விற்கவும் செய்தன. ஆனால் ஒன்று ஓடினால் அடுத்தது வர வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். அதற்கு முன்பே, 2017இல், ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே ஷெவர்லே விற்பனையை நிறுத்தியிருந்தது. 2022இல் நிஸானின் டட்சனும் போனது. ஒவ்வொருவர் போகும்போதும், இருக்கிற கம்பெனிகள் மீதும் சந்தேகம் விழுகிறது. "இவர்களும் நாளைக்குப் போய்விட்டால்?" என்று மக்கள் பயந்து வாங்காமல் விடுகிறார்கள். விற்பனை குறைகிறது. ஷோரூம் மூடுகிறது. பயம் நிஜமாகிவிடுகிறது.

வரியும் ஒரு காரணம். 2006 முதல், நீளம் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய என்ஜின் கார்களுக்கு வரி குறைவு. வேறு நாட்டுக்காக வரைந்த காரை அப்படியே இங்கே இறக்கினால் விலையிலேயே அடி விழும்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. நம் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் சுசுகி, அமெரிக்காவில் தாக்குப்பிடிக்க முடியாமல் 2012 நவம்பரில் கார் விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தது. பெரிய வண்டியும் நீண்ட நெடுஞ்சாலையுமாக வாழ்கிற மக்களிடம் அதன் சின்னக் கார்கள் எடுபடவில்லை. ஜப்பானிலோ 3.4 மீட்டர் நீளம், 660 சிசி என்ஜின் என்று குட்டிக் கார்களுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. அங்கே ஃபோர்டு 2016இல் கடையை மூடியது. அமெரிக்கர்களையும் ஜப்பானியர்களையும் யாரும் தரம் தெரியாதவர்கள் என்று சொல்லவில்லை. நம்மை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? அதுவும் நம் ஆட்களே!

வெளிநாட்டுப் பெயர் என்பதற்காக இங்கே யாரும் எதையும் ஒதுக்கியதில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது ஹூண்டாய் என்ற பெயரை உச்சரிக்கவே நமக்குத் தடுமாறியது. இன்று அதை மாருதிக்கு நிகராக நம்புகிறார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஏர்பேக், பாடியின் உறுதி போன்றவற்றைக் கேட்காமல் நாம் நெடுநாள் அசட்டையாக இருந்தோம். அதற்காகத் திட்டினால் தலைகுனிந்து வாங்கிக்கொள்வேன்.

அந்தக் காரைச் சென்ற ஆண்டு விற்றோம். தரகர் சொன்ன விலை கேட்டு என் கணவர் அன்று சாப்பிடவே இல்லை. வாங்க வந்தவர் ஆத்தூர்க்காரர். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதும் அவர் முகம் சங்கடப்பட்டது.

"ஓட்டுவதற்கு இல்லை அம்மா. இதே மாடல் என்னிடம் ஒன்று நிற்கிறது. சாமான் கிடைக்கவில்லை. இதைப் பிரித்துத்தான் அதற்குப் போட வேண்டும்."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அதே பீரோச் சத்தம் கேட்டது.