காசைப் பற்றிக் கதைக்க யாரைக் கூப்பிடுவது?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் உள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் காசு பற்றி ஒரு கூட்டம் வைக்கிறோம். 2022 கடைசியில், நாடே கலங்கிப் போயிருந்த நேரத்தில் தொடங்கியது. சேமிப்பு, கடன், நகை அடகு, வெளிநாட்டுக் காசு, வரி என்று மாதத்துக்கு ஒரு விஷயம். வெளியில் இருந்து ஒருவர் வந்து அரை மணித்தியாலம் பேசுவார், பிறகு கேள்வி நேரம், ரீ, வாய்ப்பன். அந்த ஒருவரைத் தேடிப் பிடிப்பது என் பொறுப்பு.

போன கிழமை ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலருக்குக் கோபம். "படிச்ச மனுசன், ஒரு சதமும் கேளாமல் வாறன் எண்டு சொல்லுறார், நீர் ஏன் மறிக்கிறீர்?" என்று நிர்வாகத்தில் உள்ள ஐயா ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு சதமும் கேளாமல் வருகிறார் என்றால்தான் எனக்கு இப்போது யோசனை வருகிறது. அதற்குக் காரணம் முதல் வருடம் நடந்த ஒரு விஷயம்.

அப்போது ஓய்வுக்காலத் திட்டமிடல் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டேன். நல்ல பேச்சு. சபையோடு சேர்ந்து சிரித்தார், கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினார். கூட்டம் முடிந்து ரீ குடிக்கும்போது பையில் இருந்து படிவங்களை எடுத்தார். ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்த சேமிப்புத் திட்டம். நாலைந்து பேர் அங்கேயே கையெழுத்து வைத்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைச் சின்ன வகுப்பில் படிப்பித்த ரீச்சர். மாதம் 12,000 ரூபாய் கட்டத் தொடங்கினார். பதினாலு மாதம் கட்டினார். பிறகு கணவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்ததில் கட்ட முடியாமல் போய்விட்டது. இந்த மாதிரித் திட்டங்கள் பலவற்றில் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் நிறுத்தினால் கட்டிய காசு திரும்பாது. ரீச்சருக்கும் திரும்பவில்லை. 168,000 ரூபாய்.

அந்தப் பேச்சாளர் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். எல்லாம் படிவத்தில் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: இப்படியான திட்டங்களில் முகவருக்குப் பெரிய கொமிஷன் முதல் வருடக் கட்டணத்தில்தான் கிடைக்கிறது. ரீச்சர் என்னை ஏசவில்லை. "நீர் கூட்டிக்கொண்டு வந்த ஆள் எண்டபடியால்தான் தம்பி நான் யோசிக்காமல் கையெழுத்து வைச்சனான்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டபின் எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை.

காப்புறுதி கூடாது என்று நான் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் விற்பவர் விற்பவராக வரவேண்டும், வாத்தியாராக வரக்கூடாது. மைக்கை நாங்கள் கையில் கொடுக்கும்போது எங்கள் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

அன்றிலிருந்து பேச வருபவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன்: "நீங்கள் சொல்லுறபடி எங்கட சனம் செய்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" முகத்துக்கு நேரே கேட்பது முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. பதிலைவிட அந்த நேரத்து முகம் நிறையச் சொல்லும்.

வங்கி உத்தியோகத்தர் ஒருவரிடம் கேட்டபோது, "எனக்கு இந்தக் காலாண்டு வைப்பு ரார்கெட் இருக்கு. அதால எங்கட வட்டி பற்றிக் கதைக்கமாட்டன். வைப்புக் காப்புறுதி பற்றிக் கதைக்கிறன்" என்றார். அப்படிப்பட்ட ஆளை இரண்டு கையாலும் கும்பிட்டுக் கூப்பிடலாம். உரிமம் பெற்ற ஒரு வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைக்கும்தான் காப்பு உண்டு என்று அவர் விளக்கியபோது சபையில் பாதிப்பேருக்கு அது புதுச் செய்தி. ஒரே வங்கியின் இரண்டு கிளையில் போட்டாலும் ஒரு நிறுவனம்தான் கணக்கு. 2020 மேயில் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அந்த எல்லை 6 லட்சமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே போட்டிருந்தவர்கள் மிச்சத்துக்குக் காத்திருக்க வேண்டி வந்தது. இதைக் கேட்டுவிட்டு, தன் பென்சன் காசு முழுவதையும் ஒரே இடத்தில் வைத்திருந்த ஒரு ஐயா அடுத்த கிழமையே பிரித்துப் போட்டார். அன்றைய பேச்சால் அந்த உத்தியோகத்தருக்கு ஒரு வைப்பும் கிடைக்கவில்லை.

அடுத்த விஷயம், நிபுணர் என்ற சொல். பட்டத்தையும் பதவியையும் வைத்துத்தான் நாங்கள் ஆளை எடைபோடுகிறோம். எங்கள் கூட்டங்களில் எனக்குத் தெரிய மிகவும் பிரயோசனமாகப் பேசியவர் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ஒரு அக்கா. மேடைக்கு வரவே மாட்டேன் என்றார். மூன்று தரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வரும்போது பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டு வந்தார். பலகையில் ஒரு இலட்சம் ரூபாய் கடன், வருடத்துக்கு 24 வீதம், பன்னிரண்டு தவணை என்று எழுதினார். வட்டி 24,000, மொத்தம் 124,000, மாதத் தவணை 10,333. "இது 24 வீதம்தானே?" என்று கேட்டார். ஓம் என்றோம்.

பிறகு ஒவ்வொரு மாதமும் எடுத்த கடனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கீழே கீழே எழுதிக்கொண்டு போனார். ஆறு தவணை கட்டியபின் கடனில் பாதியைக் கட்டி முடித்தாயிற்று, ஆனால் வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. வருடம் முழுக்கக் கையில் இருக்கும் காசு சராசரியாக அரைவாசி சொச்சம். அதற்கு 24,000 என்றால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். சோக்கை வைத்துவிட்டுத் திரும்பினார். முன்வரிசையில் இருந்த, கிழமைத் தவணைக் கடன் எடுத்திருந்த ஒரு பிள்ளை கைத்தொலைபேசியை எடுத்துத் தன் கடனைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். போருக்குப் பிறகு லீசிங்கும் நுண்கடனும் வடக்கில் எத்தனை வீட்டைப் பிடித்து ஆட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணக்கை எங்கள் தமிழில், எங்கள் முன்னால், ஒருவர் இப்படி எழுதிக் காட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதனால் இப்போது வருகிற எல்லோரிடமும் ஒரு உண்மையான ஆவணத்தின் ஒரு பக்கத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். லீசிங் ஒப்பந்தமோ, காப்புறுதிப் பத்திரமோ, எதுவானாலும் சரி. அதை வரி வரியாகத் தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாதவருக்கு ஒன்றில் விஷயம் விளங்கவில்லை, இல்லாவிட்டால் எங்களுக்கு விளங்குவதில் விருப்பம் இல்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் சூம் வழியாகப் பேசக் கேட்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள், எனக்கு அது விளங்குகிறது. ஆனால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ முப்பது வருடம் மாதாமாதம் முதலீடு செய் என்பது வேறு, இங்கே வேறு. 2022 ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தது. அந்த வருடத் தொடக்கத்தில் 200 பக்கம் இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. அந்த நாட்களில் ரூபாயில் சம்பளம் எடுத்து அரிசி வாங்கிய ஆளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தவர்தான் இங்கே பேசலாம். மற்றவர்கள் அவர்கள் ஊர் விஷயத்தைப் பேசட்டும், சந்தோசமாகக் கேட்போம்.

எதிர்காலம் சொல்பவர்களுக்கு நாங்கள் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எங்கள் இரண்டாவது கூட்டத்திலேயே ஒருவர், டொலர் 500 க்குப் போகும், கையில் உள்ளதை மாற்றாதீர்கள் என்று அடித்துச் சொன்னார். ஒரு தம்பி அதை நம்பி, கட்டாரில் உழைத்த காசை மாற்றாமல் வீட்டுவேலையைப் பாதியில் நிறுத்தினார். அடுத்த வருடம் டொலர் 320 பக்கம் இறங்கிவிட்டது. யாரும் பிழைவிடலாம். ஆனால் அதே ஆள் திரும்ப வந்து புது ஆரூடம் சொல்லும்போது பழையது சபைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். இப்போது மறுதரம் வருபவர் பேசத் தொடங்க முன், போனமுறை அவர் சொன்னதை வாசிக்கிறோம். அதற்குச் சம்மதித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்.

சரி, போன கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அவர் பங்குச் சந்தை பற்றிப் பேசுவதாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் இளம் பிள்ளைகள் அதில் ஆர்வமாக இருக்கிறார்கள், நானும் நல்ல ஆளைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "சேவைக்காகத்தான் வாறன்" என்றார். கதை முடியும்போது, கூட்டத்துக்கு வருபவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உள்ள பட்டியல் தரமுடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். பிறகு ஒரு வகுப்புத் தொடங்கப்போகிறாராம், 35,000 ரூபாய் கட்டணமாம். வகுப்பு நடத்துவதில் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் பேச விட்டிருப்பேன். அடுத்து, மற்றவர்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்ல, பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

ஐயா, இதுதான் நடந்தது.

வரும் மாதத்துக்கு வரி தெரிந்த ஒருவர் தேவை. 2025 ஏப்ரலில் இருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் பிரகடனப் படிவம் கொடுத்தால் அதைப் பிடிக்காமல் விடலாம். ஆனால் எங்கள் ஊர் வயதானவர்கள் பலர் அந்தப் படிவத்தைக் கண்ணால் கண்டதில்லை. படிவத்தைக் கையில் கொண்டு வந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தமிழில் நிரப்பிக் காட்டக்கூடிய ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் முதலில் என்ன கேட்பேன் என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.