உதைப்பவரை முதல் இரண்டு சுற்றுகளில் எடுத்தே ஆக வேண்டுமா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்; பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர் கிக்கர். “என்எஃப்எல்லின் சிறந்த கிக்கர்கள் எல்லோரும் டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களே; பின்னால் வருபவர்கள் நிலைப்பதில்லை” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் (2,673) எடுத்த ஆடம் வினாடியேரியை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. 1996இல் நியூ இங்கிலாந்து அணி அவரைத் தனி ஒப்பந்தத்தில் சேர்த்தது. டல்லாஸ் அணியின் பிராண்டன் ஆப்ரி சாக்கர் எனும் கால்பந்தாட்டத்திலிருந்து வந்தவர், அவரும் டிராஃப்ட் ஆகாதவர்தான். 2023இல் தன் முதல் 35 ஃபீல்டு கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையே உதைப்பது) முயற்சிகளையும் தவறவிடாமல் அடித்தார்.

மறுபக்கம், 2016இல் கிக்கர் ராபர்டோ அகுவாயோவுக்காக டாம்பா பே அணி தன் மூன்றாம், நான்காம் சுற்றுத் தேர்வு வாய்ப்புகளை இன்னோர் அணிக்குக் கொடுத்து, இரண்டாம் சுற்றில் 59ஆவது இடத்துக்கு முன்னேறியது. அவர் 31 முயற்சிகளில் 22தான் அடித்தார். அடுத்த ஆகஸ்டில் அணியிலிருந்து நீக்கப்பட்டார். கிக்கர் களத்தில் நிற்பது ஆட்டத்துக்குச் சில முறைதான். அதே விலையில் ஆட்டம் முழுக்கக் களமிறங்கும் ஒரு தடுப்பாட்டக்காரர் கிடைத்திருப்பார்.

விதிவிலக்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை: 2000இல் முதல் சுற்றில் 17ஆவதாக எடுக்கப்பட்ட கிக்கர் செபாஸ்டியன் ஜனிகோவ்ஸ்கி ஓக்லாந்து அணியில் 18 பருவங்கள் இருந்தார். ஆனால் ஒருவரை வைத்து விதி எழுத முடியாது.

புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் வீரர் பெயரைத் தேடினால், டிராஃப்டில் எடுக்கப்பட்டவரானால் அந்தச் சுற்று அவர் பக்கத்தின் மேலேயே இருக்கும். அந்தச் செய்தி வந்தால் பகிராதீர்கள்.