மெக்காலே அப்படிப் பேசவே இல்லை

“இந்தியாவின் குறுக்கும் நெடுக்குமாகப் பயணித்தேன், ஒரு பிச்சைக்காரரையோ திருடரையோ காணவில்லை, இவர்களுடைய முதுகெலும்பான பண்பாட்டை முறித்தாலன்றி இந்நாட்டை வெல்ல முடியாது” என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், இந்திய நிர்வாகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரான மெக்காலே உரையாற்றியதாக ஒரு படம் வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது உண்மையல்ல. 1834 ஜூனில் சென்னையில் கரையிறங்கி, உதகையில் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்து, பின்னர் கல்கத்தா சென்ற மெக்காலே, அந்த நாளில் இந்தியாவில்தான் இருந்தார். லண்டனுக்குக் கப்பலில் போய்ச்சேரவே மாதக்கணக்கில் ஆன காலம் அது.

அந்தத் தேதியைத் தாங்கியிருப்பது உரையன்று, இந்தியர்களுக்கு ஆங்கிலவழிக் கல்வி வேண்டும் என்று வாதிடும் அவருடைய அலுவல் குறிப்பு. அதில் இந்தியாவுக்குப் புகழுரை ஏதுமில்லை. நல்லதோர் ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றை அலமாரி, இந்திய, அரபு இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்றே எழுதியிருக்கிறார். நடை தெளிவானது, வாதம் அடுக்கடுக்காக நகர்வது. படிப்பவரை இழுத்துச் செல்லும் வலிமை அதற்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்று அதே குறிப்பில் ஒப்புக்கொண்டுவிட்டு, மொழிபெயர்ப்புகளையும் பிறர் சொன்னதையும் நம்பி அவ்விலக்கியங்களை எடைபோட்டிருக்கிறார். அவரைக் கண்டிக்க விரும்புவோர் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுவே.