அந்த ‘யாரோ’ நான்தான்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் நடந்த லினக்ஸ் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்கள் காதிலும் இதற்குள் விழுந்திருக்கும். மூன்று நாள் ஆறப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம் இருக்கிறது.

மேடையில் நின்ற தம்பி ஜென்டூவைக் கிண்டல் செய்தது எனக்கு வலிக்கவில்லை. ஜென்டூ என்பது இலவச இயங்குதளமான லினக்ஸில் ஒரு வகை. அதில் மென்பொருளை மூல நிரலில் இருந்து நம் கணினியிலேயே கட்டிக்கொள்ள வேண்டும், அதைத்தான் கம்பைல் என்கிறார்கள். “ரெண்டு நாள் கம்பைல் பண்ணி ரெண்டு வினாடி மிச்சம் பிடிக்கிற கூட்டம்” என்ற ஜோக்கை நான் 2006-இல் இருந்து கேட்கிறேன். அப்போது பென்டியம் 4 கணினியில் கேடிஇ என்ற திரைச்சூழலை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனால் மறுநாள் சாயங்காலமும் ஓடிக்கொண்டிருக்கும். நானே அந்த ஜோக்கைச் சொல்லியிருக்கிறேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்து, இதையெல்லாம் யார் சார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டது. தம்பி சொன்ன பதில்: “அதெல்லாம் யாரோ பார்த்துப்பாங்கம்மா. நமக்கு ஓசியில வருதா, அவ்வளவுதான்.” எல்லாரும் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் மசாலா சீயத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அந்த யாரோ நான்தான், தம்பி.

நான் மட்டும் என்று சொல்லவில்லை. ஜென்டூவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஈபில்டு என்று ஒரு சின்ன கட்டளைக் கோப்பு உண்டு. மூல நிரலை எங்கே இருந்து எடுப்பது, அதற்கு வேறு எதெல்லாம் வேண்டும், எப்படிக் கட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்திலேயே பார்த்துக்கொள்பவரின் பெயர் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் ‘பராமரிப்பாளர் தேவை’ என்ற அடையாளம் விழும். அப்புறம் அது உடைந்து, யாரும் எடுத்துக்கொள்ள வரவில்லை என்றால் ஒரு அறிவிப்பு போட்டு முடக்கி வைத்து, வழக்கமாக முப்பது நாளில் நீக்கிவிடுவார்கள். அந்த அறிவிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லாஸ்ட் ரைட்ஸ்’, அதாவது இறுதிச் சடங்கு. நம் ஊரில் பதினாறு நாளில் முடிக்கிற கருமாதிக்கு அங்கே முப்பது நாள் தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படிப் போக இருந்த ஒரு தமிழ் எழுத்துருப் பொதியை நான் எடுத்துக்கொண்டேன். நேரடியாகச் சேர்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. நான் அனுப்புவதை ஒரு டெவலப்பர் வரி வரியாகப் படித்து, குறை சொல்லித் திருப்பி, மறுபடி படித்துத்தான் சேர்ப்பார். அவருக்கும் சம்பளம் இல்லை. போன ஐப்பசியில் அந்த எழுத்துருவை உருவாக்கியவர் அதே பெயரில், அதே பதிப்பு எண்ணில் கோப்பை மட்டும் மாற்றி வைத்துவிட்டார். ஈபில்டோடு இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற பட்டியலில், மூலக் கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க பிளேக்2பி, ஷா512 என்று இரண்டு கைரேகை இருக்கும். பொருந்தவில்லை என்றால், ஜென்டூவில் மென்பொருளைக் கட்டி நிறுவும் கருவியான போர்ட்டேஜ் அங்கேயே நின்றுவிடும். புதுக் கைரேகையைப் பதிந்துவிட்டுப் போக அரை நிமிஷம் போதும். ஆனால் மாறியது என்ன? பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு ராத்திரி பார்த்தேன். ரீட்மீ என்ற விளக்கக் கோப்பில் ஒரு வரி மாறியிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு ராத்திரி. அந்த வாரம் என் கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் ஒரு நாள் தள்ளிப்போய், பெண்ணின் தாய்மாமன் கடை வாசலில் நின்று கத்தியது தனிக்கதை.

“ரீட்மீக்கு இவ்வளவு பாடா” என்று சிரிப்பீர்கள். 2024 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கிறதா? எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், உலகத்தில் எத்தனையோ சர்வர் அதை நம்பி ஓடுகிறது. அதைப் பல வருஷம் ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தாங்கியவர் லாஸ்ஸே கோலின். சம்பளமில்லா வேலை. மனசு சரியில்லை என்று அவர் சொன்ன பிறகும், ஏன் இவ்வளவு தாமதம் என்று அவரைக் குடைந்தார்கள். உதவிக்கு வந்ததுபோல் வந்த ஓர் ஆளுக்கும் பராமரிக்கும் பொறுப்பில் பங்கு போனது. அந்த ஆள்தான் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர், தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஏன் அரை வினாடி இழுக்கிறது என்று துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். இங்கேயும் ஒரு யாரோதான் பார்த்துக்கொண்டிருந்தார். கோலின் என்ற அந்த யாரோ களைத்தபோது இன்னொரு யாரோ உள்ளே வந்தார்.

என் அப்பா கொத்தனார். தேவகோட்டைப் பக்கம் ஒரு வளவு வீட்டில் அவருக்கு அவ்வப்போது வேலை இருக்கும். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, எல்லாம் உண்டு. பங்காளிகள் முப்பது பேருக்கு மேல். இரண்டாங்கட்டில் நாலு நாட்டு ஓடு உடைந்தது. “மழைக்கு முன்னால மாத்திடலாங்க” என்று அப்பா ஒவ்வொருத்தரிடமும் சொல்லிப் பார்த்தார். மலேசியாவில் இருந்தவர் சென்னையில் இருப்பவரிடம் கேட்கச் சொன்னார், சென்னைக்காரர் உள்ளூரில் யாராவது பார்க்கட்டும் என்றார். மூன்று ஐப்பசி போனது. உத்திரம் உளுத்து, கடைசியில் தூணெல்லாம் பழம்பொருள் கடைக்கு லாரி ஏறியது. கூலி வாங்கிக்கொண்டு அந்தத் தூண்களைக் கழற்றியதும் அப்பாதான்.

எங்கேயோ போய்விட்டேன். சரி, ஜென்டூ என்றாலே வரும் கேள்விகளுக்கு வருகிறேன்.

“லினக்ஸிலேயே எளிதான உபுண்டு போட்டால் போதாதா?” போதும். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நானே அதே மாதிரி எளிதான மின்ட்தான் போட்டுத் தருகிறேன். ஜென்டூ போடுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. “கரண்ட் வீண் இல்லையா?” கொஞ்சம் வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் இருந்து கட்டி முடித்த பொதிகளையும் ஜென்டூ அதிகாரபூர்வமாகத் தருகிறது, குரோமியம் என்ற இணைய உலாவிக்கு நான் அதைத்தான் எடுக்கிறேன். சித்திரை வெயிலில் நாலாவது மணி நேரத்தில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் படுத்து, அந்தப் பொதியை முதலில் இருந்து கட்டும் வைராக்கியம் இப்போது இல்லை. “விளையாட்டுச் சாமான்” என்றவர்களுக்கு: குரோம்புக் மடிக்கணினியில் ஓடும் குரோம்ஓஎஸ்ஸை கூகுள் கட்டுவதே போர்ட்டேஜை வைத்துத்தான். “இனி ஏஐ எழுதித் தருமே?” ஏஐ எழுதியதைச் சேர்க்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஜென்டூ கவுன்சில் தீர்மானம் போட்டுவிட்டது. தெரியாவிட்டால் கேட்டிருக்கலாம்.

“பெருமைக்குச் செய்கிறாய்” என்று ஒருவர் கூட்டம் முடிந்து சொன்னார். எந்தப் பெருமை? செக்காலை ரோட்டில் யாராவது என்னைப் பார்த்து, ஈபில்டு எழுதுகிறவர் போகிறார் என்று சொல்கிறார்களா? என் மனைவி முதல் வருஷம் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டாள். இரண்டாம் வருஷம் கேட்கவில்லை. இதே வேலையைச் சிங்கப்பூரில் சம்பளத்துக்குச் செய்திருந்தால், கோயில் திருவிழாவுக்கு என் முகத்தோடு பிளெக்ஸ் வைத்திருப்பார்கள். அன்றைக்கு மேடையில் நின்று பேசியதும் நானாக இருந்திருப்பேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வெளியே செருப்பு மாட்டும்போது அந்தப் பிள்ளை என் பக்கம் வந்தது. என்னவோ கேட்க வந்தது. நான் கவனிக்காத மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மேடையில் பேசியவன் மேல் இருந்த கோபத்தை அந்தப் பிள்ளையிடம் காட்டியிருக்கிறேன். இதைப் படிக்கிறாய் என்றால், பிள்ளை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கணினி கொண்டுவர வேண்டாம், இங்கே இருக்கிறது.

அப்புறம் தம்பி, பொங்கலுக்கு முன்னால் வாங்கிப் போன 32 ஜிபி பென்டிரைவ் இன்னும் திரும்பி வரவில்லை. கொடுத்தது யாரோ இல்லை.