வென்றால் மட்டும் வருகிறவர்களை விட்டுவிடுங்கள்

ஒவ்வொரு ஏப்ரலும் ரொறன்ரோவில் இதே கதைதான். பனி ஹொக்கியின் பிளேஓஃப், அதாவது கிண்ணத்துக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள், தொடங்கியதும் ஸ்காபரோத் தெருக்களில் கார் ஜன்னலுக்கு ஜன்னல் நீலக்கொடி பறக்கும். அதுவரை எங்கள் ஊர் அணியான மேப்பிள் லீஃப்ஸ் பற்றி வாயே திறக்காதவர்கள் ஜேர்சி போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார்கள். உடனே பழைய ரசிகர்கள் அவர்களைப் பிடித்துக்கொள்வார்கள். "நவம்பரில எங்க இருந்தனி?" "போன வருசம் தோத்த நேரம் இந்த ஜேர்சி எங்க?" எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் அப்படித்தான். வென்றால் வந்து தோற்றால் காணாமல் போகிறவர்களை பாண்ட்வாகன் ஆட்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம்.

எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நான் சீசன் தொடங்கும் ஒக்டோபரிலிருந்தே பார்க்கிற ஆள். ஜனவரிக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவு, ஒன்றுக்கும் உதவாத ஆட்டம் என்று எல்லோரும் விட்டுவிடுவதையும் கடைசிவரை பார்ப்பேன். எனக்காகப் பேசுகிறோம் என்று நினைத்துத்தான் அவர்களை விரட்டுகிறார்கள் என்பதால் இதை நான்தான் எழுதவேண்டும்.

எங்கள் அம்மாவுக்கு ஓஃப்சைட் விதி என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது. நவம்பரில் ரீவியில் ஹொக்கி போனால் எழும்பிப் போய்விடுவார். ஏப்ரல் வந்தால், கோப்பை கழுவிய ஈரத்துவாயைக் கையில் பிடித்தபடி சோபாவுக்குப் பின்னால் வந்து நிற்பார். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். "தம்பி, எங்கட பெடியள் இண்டைக்கு என்ன மாதிரி?" என்று ஒரு கேள்வி. 2023 ஏப்ரல் 29, தம்பா பே அணியுடன் தொடரின் ஆறாவது ஆட்டம். மேலதிக நேரத்தில் எங்கள் ஜோன் தவாரெஸ் கோல் போட்டார். 2004க்குப் பிறகு லீஃப்ஸ் வென்ற முதல் பிளேஓஃப் தொடர் அது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அந்த 91 காப்பாத்திப்போட்டான்" என்றார். அவருக்குப் பெயர் தெரியாது, முதுகிலிருந்த இலக்கம்தான் தெரியும். இவரிடம் போய் நவம்பரில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

லீஃப்ஸ் கடைசியாக லீக்கின் பெரிய பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967 மே 2. மொன்றியலை வென்றார்கள். அப்போது லீக்கில் ஆறே ஆறு அணிகள். எங்கள் சனத்தில் பெரும்பாலானோர் 1983க்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்கள். எனக்குத் தெரிந்த அண்ணன்மார் பலர் ஹொக்கிக்குள் வந்தது 1993 வசந்தத்தில். லீஃப்ஸ் நட்சத்திரம் டக் கில்மர் உச்சத்தில் நின்ற வருடம் அது. இறுதிப்போட்டிக்கு ஒரு படி கீழே, ஏழாவது ஆட்டத்தில், கிரெட்ஸ்கியின் லொஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் தோற்றோம். ஊரே பேசியது, அவர்களும் பார்த்தார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் புதுப் பொடியன்களை அதட்டுகிற அதே அண்ணன்மார்தான். வேறு நாட்டிலிருந்து வந்தவன் இந்த விளையாட்டுக்குள் நுழைய பிளேஓஃபை விட்டால் வேறு நல்ல வாசல் இல்லை. பஞ்சாபிச் சனத்துக்காவது 2008இலிருந்து சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர்களுடைய மொழியிலேயே வர்ணனை வந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வேலையிடத்தில் பக்கத்தில் நின்றவர்கள்தான்.

சரி, விசுவாசம் பெரிய விசயம்தானே என்று கேட்பீர்கள். பெரிய விசயம்தான். ஆனால் கேள்வி கேட்காத விசுவாசம் அணிக்கு என்ன செய்தது என்பதற்கு ரொறன்ரோவைவிட நல்ல சாட்சி வேறு எங்கும் இல்லை. லீஃப்ஸின் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் 1946இலிருந்து 1999இல் அது மூடப்படும்வரை ஆட்டத்துக்கு ஆட்டம் ரிக்கெற் விற்றுத் தீர்ந்தது. அந்தக் காலத்துக்குள்தான் உரிமையாளர் ஹரோல்ட் பலார்டின் ஆட்சியும் வருகிறது. 1972இலிருந்து 1990இல் சாகும்வரை அணி அவர் கையில் இருந்தது. அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட இறுதிப்போட்டி இல்லை. 1979இல் ரசிகர்களின் செல்லப்பிள்ளை லானி மக்டொனால்டை வேறு அணிக்குக் கொடுத்தபோது ரசிகர்கள் கார்டன்ஸ் வாசலில் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். உள்ளே ஆசனங்கள் வழக்கம்போல நிரம்பியிருந்தன. வாசலில் நின்றவர்களை முதலாளி ஏன் பொருட்படுத்தப்போகிறார்?

இப்போதும் பாருங்கள். லீஃப்ஸின் இன்றைய ஸ்கோஷியாபாங்க் அரங்கில் கண்ணாடிக்குப் பக்கத்து ஆசனங்கள் பெரும்பாலும் கம்பனிகளின் கையில். இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிச் சில நிமிடம்வரை அந்த வரிசைகள் காலியாக இருக்கும். அவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ரீவியில் அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ரிக்கெற் வாங்கினவன்தான் விசுவாசி என்றால், எங்கள் அம்மாவைவிட அந்தக் காலி ஆசனத்துக்குரியவர் பெரிய விசுவாசி ஆகிவிடுகிறார்.

வென்றால் மட்டும் வருகிற ரசிகர்கள் என்றால் எல்லோரும் முதலில் சிக்காகோவைத்தான் சொல்வார்கள். 2000களின் நடுவில் பிளாக்ஹோக்ஸ் அரங்கு பாதிக்குப் பாதி காலி. 2010, 2013, 2015 என்று மூன்று கிண்ணம் வென்றபோது சிவப்பு ஜேர்சி இல்லாத ஆளே இல்லை. 2008 மார்ச் தொடங்கி 2021 ஒக்டோபர்வரை தொடர்ந்து 535 ஆட்டங்களுக்கு அரங்கு நிரம்பியது. இதைக் காட்டி அந்த ஊரையே கேலி செய்கிறார்கள். உண்மை என்ன? உரிமையாளர் பில் வேர்ட்ஸ் உள்ளூர் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டவே விடவில்லை. காசு கொடுத்து அரங்குக்கு வருகிறவர்களுக்கு அது அநியாயம் என்பது அவர் வாதம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தங்கள் ஊர் அணி ஊரில் ஆடுவதைப் பார்க்காமலே வளர்ந்தார்கள். 2007இல் அவர் இறந்தபின் மகன் ரொக்கி வந்து முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஆட்டங்களைத் தொலைக்காட்சிக்குத் திரும்பக் கொண்டுவந்தது. இளம் நட்சத்திரங்கள் டேவ்ஸும் கேனும் அணிக்குள் வந்ததும் அதே சீசன். சனம் திரும்பி வந்தது. வற்றிய குளத்தை விட்டுப் பறக்கிற கொக்கு என்று ரசிகரைத் திட்டுகிறோமே, குளத்தை வற்றவைத்தவரை யாராவது கேட்டோமா? அந்த வருடத் தொடக்க ஆட்டத்தில் தந்தைக்கு அஞ்சலி செலுத்தியபோது கூட்டம் ஊளையிட்டது. செத்த மனிதருக்கு அப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்கறையில்லாதவனுக்கு இவ்வளவு கோபம் வராது. அந்த ஊரில் விசுவாசம் எங்கும் போகவில்லை.

வின்னிபெக் கதை இன்னும் வலிக்கும். 1995இல் ஊர் அணியான ஜெட்ஸ் போகப்போகிறது என்றதும் ஊர் திரண்டது, பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் காசு கொடுத்தார்கள். 1996இல் அணி ஃபீனிக்ஸுக்குப் போயே போய்விட்டது. 15 வருடம் கழித்து 2011இல் அட்லாண்டா அணி வின்னிபெக்குக்கு வந்தபோது சீசன் ரிக்கெற் பொது விற்பனை 17 நிமிடத்தில் முடிந்தது. மொத்தம் 13,000 சீசன் ரிக்கெற்றைப் பல வருட ஒப்பந்தம் போட்டு வாங்கினார்கள். அந்த 13,000 பிறகு 9,500 அளவுக்கு விழுந்தது. இப்படியே போனால் நீடிக்காது என்று உரிமையாளர் தரப்பு பேசத் தொடங்கியதும், வின்னிபெக் ரசிகர்களும் இப்படித்தானா என்று மற்ற ஊர்க்காரர்கள் எழுதினார்கள்.

கவனியுங்கள், அப்போது அணி தோற்றுக்கொண்டிருக்கவில்லை. 2023-24இல் 110 புள்ளி எடுத்த அணி அது. அடுத்த சீசனில் 116 புள்ளியோடு லீக்கிலேயே முதலிடம். வென்றால் வருவார்கள், தோற்றால் போவார்கள் என்ற கணக்கு அங்கே பொருந்தவே இல்லை. பெருந்தொற்று வந்தது, விலைவாசி ஏறியது, லீக்கின் மிகச் சிறிய நகரங்களில் ஒன்றில் நாற்பத்திச் சொச்ச உள்ளூர் ஆட்டத்துக்கும் குடும்பத்தோடு போக எத்தனை பேரிடம் காசு இருக்கும்? பத்து வருடம் ரிக்கெற் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்கடன் வட்டி ஏறியதால் விட்டவரை ஓடிப்போனவர் என்று சொல்வது பாவம். 2023இல் ரிக்கெற் புதுப்பிக்கச் சொல்லி வந்த விளம்பரத்தில் 1996இன் பிரிவை நினைவூட்டினார்கள். வராவிட்டால் மறுபடியும் போய்விடுவோம் என்ற மிரட்டலாகத்தான் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை அணியைப் பறிகொடுத்த ஊரிடம் அந்தக் காயத்தையே காட்டிக் காசு கேட்கக் கூடாது.

ஃபீனிக்ஸுக்குப் போன அதே அணி என்னவாயிற்று? பாலைவனத்தில் ஹொக்கி எதற்கு, அங்கே உண்மையான ரசிகர் யார் இருக்கிறார்கள் என்று இங்கே கேட்காத ஆளில்லை. உரிமையாளர்கள் மாறினார்கள், அரங்கு மாறியது. கடைசி இரண்டு சீசன் ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத பல்கலைக்கழக அரங்கில் ஆடினார்கள். 2024 ஏப்ரலில் அணி சோல்ட் லேக் சிட்டிக்கு விற்கப்பட்டது. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் எட்மன்டனை 5-2 என்று வென்றார்கள், போவது உறுதி என்று தெரிந்தும் அரங்கு நிரம்பியிருந்தது. அரிசோனாவில் வளர்ந்து, சின்னப்பிள்ளையாக அந்த அணியின் ஆட்டங்களைப் பார்த்து ஹொக்கிக்கு வந்தவர்தான் ஓஸ்ரன் மத்தியூஸ். ‘உண்மையான ரசிகர்களே இல்லாத’ ஊர் வளர்த்த பிள்ளையை 2016இல் புது ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் ட்ராஃப்டில் முதல் தெரிவாக எடுத்து, 2024இல் அணித் தலைவராக்கிக் கொண்டாடியது நாங்கள்.

அணிகள் இப்படி ஊர்விட்டு ஊர் போகின்றன. விளையாட்டுக்காரரும் போவார்கள். இங்கேதான் எங்கள் நேர்மையின்மை அப்பட்டமாகத் தெரிகிறது. தவாரெஸ் 2018இல் நியூயோர்க் ஐலண்டர்ஸை விட்டு இங்கே வந்தார். சின்ன வயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் தூங்கிய படத்தை அவர் போட்டதும் நாங்கள் உருகிப்போனோம், பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான் என்றோம். ஐலண்டர்ஸின் ஊரான லோங் ஐலண்டில் அவர் துரோகி. 2019இல் அவர் அங்கே ஆடப் போனபோது பிளாஸ்டிக் பாம்புகளை எறிந்தார்கள். அவர்கள் மோசம் என்று நாங்கள் சொன்னோம்.

2025 மே 18. பிளேஓஃபில் ஃபுளோரிடாவுடன் ஏழாவது ஆட்டம், சொந்த அரங்கில் 6-1 தோல்வி. பனித்தளத்தில் ஜேர்சிகள் வந்து விழுந்தன. ஜேர்சியை எறிந்ததைக்கூட நான் பிழை சொல்லமாட்டேன், பலார்ட் காலத்தில் செய்திருக்கவேண்டியது அது. எங்கள் அணியின் மிச் மார்னருக்கு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மார்க்கம் பிள்ளை, எங்களுக்குப் பக்கத்து ஊர், அந்த சீசனில், போட்ட கோலும் மற்றவர் கோலுக்கு உதவியதுமாக, 102 புள்ளி எடுத்தவர். கூட்டம் ஊளையிட்டது. இணையத்தில் எழுதியதையெல்லாம் இங்கே திரும்ப எழுதமாட்டேன். குடும்பத்தின் பாதுகாப்பை நினைத்துப் பயந்ததாக அவரே பிறகு சொன்னார். கோடையில் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். "அந்தப் பெடியனை ஏன் உப்பிடிப் பேசுறாங்கள்?" என்று அம்மா கேட்டார். மார்னரைத் திட்டியவர்கள் ஏப்ரலில் கொடி கட்டி வந்த புது ஆட்களா? எங்கள் குழுவில் எழுதியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிக மோசமானவற்றை எழுதியவர்கள் எல்லாம் பழைய ஆட்கள், நவம்பரில் எங்கே இருந்தாய் என்று கேட்கிறவர்கள். புதிதாக வந்தவர்கள் கவலைப்பட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டார்கள்.

அதே கோடையில் தவாரெஸ், வருடத்துக்கு 11 மில்லியன் டொலர் வாங்கியவர், வருடத்துக்கு 4.38 மில்லியனுக்கு நான்கு வருடம் கையெழுத்திட்டுத் தங்கினார். அதை எங்கள் குழுவில் பேசியவர்கள் மிகக் குறைவு.

மத்தியூஸின் ஒப்பந்தம் 2028 கோடையில் முடிகிறது. அவர் நிற்கலாம், போகலாம், அது அவருடைய வாழ்க்கை. போவதென்று முடிவெடுத்தால், மார்னருக்கு எழுதியதைப் போல இவருக்கும் எங்கள் குழுவில் யாராவது எழுதினால், எத்தனை வருட ரசிகராக இருந்தாலும் வெளியே போகச் சொல்லுவேன், இப்போதே சொல்லி வைக்கிறேன். பிளேஓஃபுக்கு மட்டும் பார்க்கிற உங்கள் அம்மா, மாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது குழுவில் சேரவேண்டும் என்றால் இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள். ஓஃப்சைட் என்றால் என்னவென்று கேட்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன்.