அந்த 12 இலக்க நம்பர்

கழிவுநீரைச் சுத்தம் பண்ற பவுடர்னு சொல்லிச் சுத்துற அந்த ஓஎம்ஆர் அபார்ட்மென்ட் வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க. பார்த்தாச்சு. கறுப்புச் சாக்கடைத் தண்ணி, ஒரு ஸ்பூன் பவுடர், நாலு நிமிஷத்தில் பளிங்கு மாதிரி தெளிவு, கைதட்டல். கீழே "காப்புரிமை பெற்ற தொழில்நுட்பம்"னு ஒரு வரி, பக்கத்தில் ஒரு நம்பர். எண்ணிப் பார்த்தேன், 12 இலக்கம்.

12 இலக்கம்னா அது காப்புரிமை, அதாவது பேடன்ட், கேட்டுக் கொடுத்த விண்ணப்ப எண். முதல் நாலும் வருஷம், அஞ்சாவது எந்த பேடன்ட் ஆபீஸ் (4 இருந்தா சென்னை, நம்ம கிண்டிதான்), ஆறாவது விண்ணப்ப வகை, மிச்சம் வரிசை எண். கிடைச்ச பேடன்ட்டோட எண் இப்போ ஆறு இலக்கம். மனு கொடுத்த ரசீதைக் காட்டி "பட்டா என் பேர்ல இருக்கு"ன்னு சொல்ற ஆளை நம்பி இடம் வாங்குவீங்களா? இல்லாத பேடன்ட்டை இருக்குன்னு சொல்லி விற்றால் காப்புரிமைச் சட்டத்தின் 120ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அதெல்லாம் யார் பார்க்கிறா.

"பப்ளிஷ் ஆயிடுச்சே சார்"னு வருவாங்க. 18 மாசம் ஆனா எல்லாம்தான் பப்ளிஷ் ஆகும். அவசரம்னா படிவம் 9 போட்டா ஒரு மாசத்திலேயே ஆகும். பப்ளிஷ் ஆனா யாரோ படிச்சுப் பார்த்து ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை. 31 மாசத்துக்குள்ள படிவம் 18 கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லணும். கொடுக்கலைன்னா விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கணக்கு.

சரி, பேடன்ட் கிடைச்சதாவே வைங்க. புதுசா, லேசில் யாருக்கும் தோணாததா, தொழிலுக்குப் பயன்படுமா, இதைத்தான் அங்கே பார்ப்பாங்க. உங்க சோழிங்கநல்லூர் கழிவுநீரை மொண்டுட்டுப் போய் யாரும் டெஸ்ட் பண்ணுறதில்லை. திரும்பவும் சொல்றேன்: பேடன்ட் இருக்குன்னா தண்ணி சுத்தமாகும்னு அர்த்தம் இல்லை.

"ஸ்லட்ஜே வராது"ன்னும் அந்த வீடியோவில் ஒரு வசனம். ஸ்லட்ஜ்னா அடியில் சேர்ற கசடு. கணக்கு போடுவோம். தினம் ஒரு லட்சம் லிட்டர் (100 கேஎல்டி) சுத்தம் பண்ற எஸ்டிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்; உள்ளே வர்ற பிஓடி (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கோட அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராம்னா ஒரு நாளைக்கு 25 கிலோ பிஓடி. அதைத் தின்னு வளர்ற பாக்டீரியா உலர்ந்த எடையில் ஏறக்குறைய 10 கிலோ. ஒரு சதவீதக் குழம்பா எடுத்தா தினம் ஆயிரம் லிட்டர். வெளியே எடுக்கலைன்னா செட்லிங் டேங்க் வழியா அவுட்லெட்டுக்குப் போகும், இல்லைன்னா அள்ளிட்டுப் போக ராத்திரி லாரி வரும்.

போன மாசம் எஸ்டிபி பார்க்க நான் போன ஒரு குடியிருப்பில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்கு, டேங்குக்குள்ள காத்து ஊதுற புளோயரை நிறுத்திடுறாங்க. டேங்க் முட்டை நாத்தம். டேங்க் தண்ணியை ஒரு லிட்டர் ஜாடியில் முப்பது நிமிஷம் வச்சோம், ஸ்லட்ஜ் 700 மில்லிக்கு மேல நிக்குது, இறங்கவே இல்லை. காத்தைக் குமிழா விடுற டிஃப்யூசரைக் கழுவி, புளோயரை ராத்திரியும் ஓடவிட்டு, தினம் கொஞ்சம் ஸ்லட்ஜ் எடுக்கச் சொன்னேன். "இதுக்கா சார் ஃபீஸு"ன்னு ஒருத்தர் கேட்டார். பவுடர்காரரை அப்படிக் கேட்கமாட்டார். அவர்கிட்டதான் நம்பர் இருக்கே!

"இந்தியக் கண்டுபிடிப்பை மட்டம் தட்டுற, பொறாமை"ன்னு கமெண்ட் வரும், தெரியும். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் பிரதீப் குழுவோட ஆர்சனிக் வடிகட்டி கிராமங்களில் ஓடுது, பூச்சிக்கொல்லி வடிகட்டி கடையிலேயே வித்தது. அதையும் நான் சொல்லுறேனா இல்லையா? என் கோபம் வேற இடத்தில். 2021இல் கல்வி நிறுவனங்களுக்குப் பேடன்ட் கட்டணம் 80 சதவீதம் குறைஞ்சது, மத்திய அரசோட கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப்பில் பப்ளிஷ் ஆன விண்ணப்பத்துக்கும் மதிப்பெண். அப்புறம் கேக்கணுமா? பிஹெச் சென்சார், கலங்கல் பார்க்கிற டர்பிடிட்டி சென்சார், ஒரு மொபைல் ஆப், கண்டுபிடிச்சவங்கன்னு எட்டு பேர் பேரு, காலேஜ் வாசலில் ஃபிளெக்ஸ். "சீனாவில் இன்னும் அதிகம் போடுறாங்க"ன்னா, ஆமா, அதில் பெரும்பாலானது அவங்க நாட்டை விட்டு வெளியே வர்றதே இல்லை.

நிஜமா வேலை செய்றதைப் பாருங்க. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா தினம் 4.5 கோடி லிட்டர் (45 எம்எல்டி) கழிவுநீரை, சவ்வில் வடிகட்டுற ஆர்ஓ வரை கொண்டுபோய் தொழிற்சாலைக்கு அனுப்புறாங்க. இன்னைக்கு ஆர்ஓன்னாலே பாலிஅமைடு சவ்வு. அதுக்கு அமெரிக்காவில் பேடன்ட் வந்தது 1981இல், காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. காத்து ஊதி பாக்டீரியாவை வளர்த்துச் சுத்தம் பண்ற ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறைக்கு வயசு 1914இலிருந்து எண்ணுங்க.

கடைசியா அந்த வீடியோ. அது படிகாரமோ பிஏசியோ (பாலி அலுமினியம் குளோரைடு) போட்டா எந்தச் சாக்கடைத் தண்ணியிலும் நடக்கிறதுதான். மிதக்கிறது அடியில் உட்காரும், கரைஞ்ச பிஓடியும் அம்மோனியாவும் மேலே தெளிஞ்ச தண்ணியிலேயே இருக்கும். கேமரா பெரும்பாலும் பீக்கரோட மேல் பாதியைத்தான் காட்டுது. மறுபடி போட்டுப் பாருங்க, 1 நிமிஷம் 40 நொடியில் ஒரு கை வந்து அடிப்பாகத்தை மறைக்கும்.